ஒற்றை மணி அடித்த இடம்

களியக்காவிளையைத் தாண்டிய கால் மணி நேரத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எதிரே இருந்த டீக்கடைக்குள் போனார். அவர் போன நடையிலேயே இது இப்போதைக்கு ஆகிற காரியம் இல்லை என்று தெரிந்தது. எல்லோரும் அலுத்துக்கொண்டு இறங்கினார்கள். எனக்கு மட்டும் உள்ளே ஒரு நிம்மதி. விழா மறுநாள் மாலைதான். பஸ் நடுவழியில் நிற்கும் என்று பயந்துதான் ஒரு நாள் முந்தியே புறப்பட்டிருந்தேன். பயந்த காரியம் நடந்துவிட்டால் எனக்கு மனசு லேசாகிவிடும். நடக்கும்வரைதான் பாடு.

பின்னால் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். "அதில் என்ன, முட்டையா?" என்று பக்கத்தில் நின்றவர் மலையாளத்தில் கேட்டார். பொன்னாடை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். அவர் நெய்யாற்றின்கரை வரைக்கும் எனக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பணகுடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் எடை பார்க்கிற வேலை. அப்படிப்பட்டவன் எழுதிய கடிதத்துக்குத் திருவனந்தபுரத்தில் பரிசு. இதை நினைக்க நினைக்க ஒரு வாரமாகத் தூக்கம் சரியில்லை.

விஷயம் இதுதான். போன வருஷம் என் மனைவி செல்விக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்ததும் திருவனந்தபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஆரியசாலையில் மளிகை மொத்தக்கடையில் வேலை பார்க்கும் என் மச்சினன் சுடலையின் அறையில் தங்கிக்கொண்டு, தினமும் கிழக்கேகோட்டையிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். அந்த பஸ்ஸின் கண்டக்டர் ஒரு பெண். பிந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரை சசி என்று சொல்கிறேன். உண்மைப் பெயர்களை எழுதவில்லை. பஸ் நம்பரும் எழுத மாட்டேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

ஆஸ்பத்திரி ஸ்டாப் கீழே சந்திப்பில் இருக்கிறது. கரண்டு வைக்கிற கட்டடம் மேட்டில், பக்கவாட்டு கேட்டை ஒட்டி. பஸ் அந்த கேட்டைத் தாண்டித்தான் கீழே ஸ்டாப்புக்கு இறங்கும். இறங்கினவர்கள் அதே மேட்டைத் திரும்ப ஏறவேண்டும். செல்வி முதல் மூன்று நாள் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். அதை பிந்து பார்த்திருக்க வேண்டும். நாலாம் நாள், கேட்டுக்கு நேராக ஒற்றை மணி அடித்தது. அங்கே பஸ்ஸில் நீளக் கயிறு கட்டிய மணிதான். ஒரு தடவை இழுத்தால் நிற்கும், இரண்டு தடவை இழுத்தால் கிளம்பும். "சேச்சி, இவிடே இறங்கிக்கோ" என்றார் பிந்து. அவ்வளவுதான். அன்றிலிருந்து தினமும் அந்த இடத்தில் ஒற்றை மணி. எங்களுக்கு என்று மட்டும் இல்லை, தலையில் துணி கட்டியவர் யார் ஏறினாலும் நிற்கும்.

எங்கள் ஊரில் ஸ்டாப்பிலேயே பஸ் நிற்காது. ஐம்பது அடி தள்ளி நிறுத்தி, நாம் ஓடுவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பழகினவனுக்கு இது கனவு மாதிரி இருந்தது.

ஒரு நாள் நல்ல மழை. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி கிடையாது, தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டும் புழுக்கமும். கேட்டில் நின்றதும் செல்வி படியில் கால் வைத்தாள், தலை சுற்றிச் சாய்ந்தாள். என் கையில் ஃபைல், சாப்பாட்டுப் பை, விரியாத குடை. நான் பதறிப்போய் நின்றேன். அது என் வழக்கம். பிந்து தோளில் கிடந்த காசுப் பையையும் டிக்கெட் மெஷினையும் கழற்றி என் கையில் திணித்துவிட்டுக் கீழே குதித்தார். செல்வியைத் தோளோடு அணைத்து கேட்டுக்குள் கூட்டிப்போய், சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நனைந்துகொண்டு ஓடிவந்தார். நாலு நிமிஷம் பஸ் நின்றது. ஒருவர் முணுமுணுக்கவில்லை. நான் அந்தப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். ஆலையில் இருபது வருஷமாக, வேலை முடிந்து வெளியே வரும்போது என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வருகிறேன். என் பெயர்கூடத் தெரியாத ஒருவர் என்னை நம்பிப் பையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த பஸ்ஸிலேதான் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பயணிகள் சங்கம் ஒன்று வருஷாவருஷம் நல்ல பஸ் ஊழியர்களைக் கௌரவிக்கிறதாம். உங்களுக்கு உதவியவரைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். ஊருக்கு வந்தபிறகு நாலு பக்கம் எழுதினேன். எடை பார்க்கிறவனுக்குக் கூட்டிச் சொல்லவும் வராது, குறைத்துச் சொல்லவும் வராது. செல்வியின் சிகிச்சை நோட்டைப் பார்த்து ஒவ்வொரு தேதியும் போட்டேன். எத்தனை மணிக்குக் கேட்டில் நின்றது, எத்தனை நிமிஷம் நின்றது, எல்லாம் எழுதினேன். காசுப் பை விஷயத்துக்கு மட்டும் முக்கால் பக்கம்.

"நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னு ஒரு வரி எழுதுனா போதாதா?" என்றாள் செல்வி. "எதுக்கு இத்தனை விவரம்?"

"விவரம் இல்லாட்டி யாரு நம்புவா?" என்றேன்.

சிறந்த கடிதம் என்று அதைத் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். அப்படியானால் பிந்துவுக்குத்தான் சிறந்த கண்டக்டர் பரிசு என்று நானே முடிவு செய்துகொண்டேன். வள்ளியூரில் போய் சந்தன நிறத்தில் சரிகைக் கரை வைத்த பொன்னாடை வாங்கினேன். செல்வியின் டெஸ்ட் ரிசல்ட் ஒன்றும் வாங்க வேண்டியிருந்தது. ஒரே பயணத்தில் இரண்டு காரியம்.

சுடலை சாலைக் கடைத்தெரு முனையில் காத்திருந்தான். பதினைந்து வருஷம் அங்கே மூட்டையோடும் மலையாளத்தோடும் புரண்டவன். "வாங்க அத்தான், எழுத்துக்காரர் வந்தாச்சு" என்று பையை வாங்கப் போனான். கொடுக்கவில்லை.

சோற்றுக்கடைக்குக் கூட்டிப்போனான். அந்த ஊர்ச் சோறு ஒவ்வொன்றும் கொட்டைப்பாக்கு மாதிரி. நான் எடைபோட்டு அனுப்புகிற அரிசியை இவர்கள் நொய் என்பார்கள் போலிருக்கிறது. குடிக்க இளஞ்சிவப்புத் தண்ணீர். முதல்தடவை வந்தபோது டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்துச் சண்டை பிடிக்கப் பார்த்தேன். ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சுகிறார்கள். இப்போது அது இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை.

"நாளைக்கு மேடையில பேசச் சொன்னா என்ன செய்ய?" என்றேன்.

"ஏன் இப்பிடி வெப்ராளப்பட்டுப் பதறுதீங்க? நாலு பக்கம் எழுதத் தெரியுது, நாலு வார்த்தை பேச முடியாதா?"

மறுநாள் காலை, விழாவுக்கு முன்னாலேயே பிந்துவைப் பார்த்துவிடலாம் என்று கிழக்கேகோட்டைக்குப் போனேன். அதே பஸ், அதே இடம். பிந்து என்னைக் கண்டதும் ஒரு நொடி கண்ணை வேறு பக்கம் திருப்பினார். பிறகு சிரித்தார்.

"அண்ணாச்சி எப்போ வந்தது? சேச்சிக்கு எங்ஙனெ உண்டு?"

"நல்லாருக்கா. சாயங்காலம் விழாவுக்கு வருவீங்கல்லா, தங்கச்சி?"

"டியூட்டி உண்டு" என்று சொல்லி டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டார். அந்தப் பயணத்தில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் எனக்கு எப்போதும் நெஞ்சு அப்படித்தான் அடிக்கும் என்பதால் அதை நம்பவில்லை.

கடைசி ஸ்டாப்பில் டிரைவர் சசி என்னை டீக்கடை ஓரமாக அழைத்தார். தமிழ்நாட்டு எல்லைப் பக்கத்துக்காரர், தமிழ் நன்றாக வரும்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. பக்ஷே எல்லாத்தையும் எழுதிப் போட்டீங்களே."

சங்கத்துச் செயலாளர் ஒரு நல்ல எண்ணத்தில் என் கடிதத்தின் நகலை டிப்போவுக்கும் அனுப்பியிருக்கிறார். டிப்போவில் அதற்கு நம்பர் போட்டு ஃபைல் திறந்திருக்கிறார்கள். ஸ்டாப் இல்லாத இடத்தில் இருபத்தேழு நாள் பஸ்ஸை நிறுத்தியது. டியூட்டி நேரத்தில் காசுப் பையையும் மெஷினையும் பயணி கையில் கொடுத்துவிட்டு இறங்கிப்போனது. இரண்டுக்கும் விளக்கம் கேட்டு பிந்துவுக்கு மெமோ. சசிக்கும் ஒன்று.

"எனக்குப் பிரச்சினை இல்ல. ரிட்டயர் ஆக ஒரு வருஷம்தான். அவளுக்குத்தான். மலையடிவாரத்து டிப்போவுக்கு மாத்துவாங்கன்னு பேச்சு. மோள் பத்தாங்கிளாஸ். வீட்டில வேற ஆள் இல்ல."

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. "அவங்க என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே" என்றேன்.

"எப்பிடிச் சொல்லும்? அண்ணாச்சி பாராட்டியல்லவா எழுதியிருக்கு."

நேரே டிப்போ அலுவலகத்துக்குப் போனேன். சுடலையைப் போன் செய்து வரச்சொன்னேன், தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. அதிகாரி மரியாதையாக உட்காரச் சொன்னார். அவருடைய அம்மா வீடு தக்கலையாம், தமிழிலேயே பேசினார். ஃபைலைத் திறந்தார். என் கையெழுத்து. அதன்மேல் யாரோ சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். காசுப் பை வருகிற முக்கால் பக்கமும் சிவப்பு.

"இவ்வளவு சரியா எழுதின கம்ப்ளெயின்ட் நான் பார்த்ததில்லை" என்றார்.

"சார், அது கம்ப்ளெயின்ட் இல்ல. பாராட்டு."

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாதே."

"அங்க பஸ் நிக்கிறது இத்தனை நாளும் யாருக்கும் தெரியாதா சார்?"

அவர் கதவுப் பக்கம் ஒருதடவை பார்த்துக்கொண்டார். "எல்லாருக்கும் தெரியும். என் மாமியாரை நானே அந்த வண்டியில கூட்டிட்டுப் போயிருக்கேன். கேட்டிலதான் இறங்கினோம். காகிதத்தில வராதவரைக்கும் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்ல."

கடிதத்தைத் திருப்பித் தரச் சொன்னேன். நம்பர் போட்டதைத் தர முடியாது என்றார். பிறகு மேசைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே, "முதல் கடிதத்தில் எழுதினது சரியில்லைன்னு எழுதினவரே சொன்னா, பிறகு விசாரிக்க என்ன இருக்கு? இதை நான் சொல்லித் தரக் கூடாது" என்றார்.

வெளியே வராண்டாவில் நின்று செல்விக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். நான் சொன்னேனே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"பொய்தானே எழுதணும்? எழுதுங்க. அந்தப் பிள்ளை கை என் தோள்ல இருந்தது எனக்குத் தெரியும்லா. அது போதும். எத்தனை பக்கம் எழுதப் போறீங்க?"

"அரைப் பக்கம்."

"அதுலயும் பாதி போதும்."

சுடலை குனிந்து முதுகைக் கொடுத்தான். அதன்மேல் காகிதத்தை வைத்து எழுதினேன். பஸ் சந்திப்பு ஸ்டாப்பில்தான் நின்றது. வேறு எங்கும் நிற்கவில்லை. காசுப் பையை யாரும் என் கையில் தரவில்லை. மனைவியின் நோயால் குழம்பியிருந்த நேரத்தில் நினைவு பிசகி எழுதிவிட்டேன். எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவன், மன்னிக்கவும். கடைசி வரி யாரும் கேட்காமல் நானாகச் சேர்த்தது. அது இருந்தால் நம்புவார்கள் என்று தோன்றியது.

இருபத்தேழு நாள் நின்ற பஸ்ஸை ஐந்து வரியில் நிற்காத பஸ் ஆக்கினேன். குமாஸ்தா அதை வாங்கி நம்பர் போட்டு முத்திரை குத்தினார்.

"சரி விடுங்க அத்தான். சாரமில்ல" என்றான் சுடலை. பரவாயில்லை என்பதற்கு அந்த ஊரில் அப்படிச் சொல்வார்கள். பரவாயில்லை என்று யார் சொன்னாலும் எனக்குப் பரவாயில்லை என்று ஆனது கிடையாது.

மாலையில் விழா மண்டபத்துக்குப் போனேன். போகாமல் இருக்கலாம்தான். ஆனால் அவர்கள் என் கடிதத்தை மேடையில் வாசித்துவிட்டால்? செயலாளர் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸுக்காக மனுப் போட்டு மனுப் போட்டு விரல் நுனி மையாகிப்போனவர். ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நகலை நான்தான் அனுப்பினேன். அவங்க ஆளோட நல்ல குணம் அவங்களுக்கும் தெரியட்டும்னு" என்றார். பிறகு, "அண்ணாச்சி, குறை எழுதறதுக்கு ஊர் முழுக்க ஆள் இருக்கு. நல்லது எழுதறவங்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதில ஒருத்தரான நீங்களும் இப்போ அப்படி நடக்கவே இல்லைன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க" என்றார்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு பழம்பொரி, அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜி, தின்றோம். அவர் பாக்கெட்டிலிருந்து நிகழ்ச்சி நிரலை எடுத்து என் பெயரைப் பேனாவால் அடித்தார். எழுத்து தெரியாதபடி நாலைந்து தடவை அடித்தார்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சிறந்த ஊழியர் பரிசு வேறொரு வழித்தடத்துக்குப் போனது. நேரம் தவறாத வண்டி, ஸ்டாப்பில் மட்டுமே நிற்கும் வண்டி என்று புகழ்ந்தார்கள். அந்தக் கண்டக்டரும் நல்ல மனுஷனாகத்தான் தெரிந்தார். மேடையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கை தட்டினேன். மடியில் பொன்னாடைப் பை இருந்ததால் சத்தம் சரியாக வரவில்லை.

மூன்றாம் நாள் காலை டெஸ்ட் ரிசல்ட் வாங்க அதே பஸ்ஸில் ஏறினேன். மழை பிடித்திருந்தது. பிந்து என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சசி அண்ணன் சொன்னது. அண்ணாச்சி மாத்தி எழுதிக் கொடுத்து, அல்லே?"

"ஆமா தங்கச்சி. எனக்கு அறிவில்லாமப் போச்சு."

"அங்ஙனெ பறையாதே. எனக்காக ஒருத்தர் நாலு பக்கம் எழுதினது ஆத்யமாயிட்டா. மோள் வாசிச்சுக் கேட்டு" என்றார். அவருக்காக யாரும் எழுதியது அதுதான் முதல்முறையாம். தமிழ் தெரிந்த யாரிடமோ கொடுத்து மலையாளத்தில் எழுதி வாங்கி, மகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். மெமோவோடு வைத்த நகல் அது. "மோள் கரஞ்ஞு" என்று சொல்லிக் கன்னத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

பொன்னாடையை எடுத்தேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "வேண்டா அண்ணாச்சி, ஆராவது போட்டோ எடுக்கும்" என்றார். கரையை மட்டும் ஒருதடவை தொட்டுப் பார்த்தார். "சேச்சிக்குப் போர்த்தி விடு. மழைக்காலமல்லே."

மேடு ஏறி பஸ் கேட்டை நெருங்கியது. முன் சீட்டிலிருந்து ஒரு மனிதர் எழுந்தார். கையில் எக்ஸ்ரே கவர். பக்கத்தில் தலையில் துணி கட்டிய அம்மாள். தென்காசிப் பக்கத்துப் பேச்சு.

"கேட்டுக்கிட்ட நிப்பாட்டுவாங்கன்னு வார்டுல சொன்னாங்களே, அக்கா."

பிந்துவின் கை கயிற்றுக்குப் போனது. அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ஸ்டாப் தாழேதான், அண்ணா."

பழக்கத்தில் சசியின் கால் தானாக பிரேக்கில் போயிருக்க வேண்டும். கேட்டுக்கு நேராக பஸ் மெதுவானது. மணி அடிக்கவில்லை. கண்ணாடியில் ஒருதடவை பின்னால் பார்த்துவிட்டு அவர் வண்டியைக் கீழே விட்டார். தார்ப்பாய் இடுக்கு வழியாக கேட் பின்னால் போனது தெரிந்தது. நான் பொன்னாடையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

சந்திப்பில் அவர்களோடு நானும் இறங்கினேன். அவர்கள் பையை வாங்கிக்கொண்டேன். அந்த மனிதர் மேட்டைப் பார்த்தார். "முன்னால மேலயே நிக்குமாம்லா. இப்ப ஏன் நிக்கதில்லையாம்?" என்று கேட்டார்.

"தெரியலையே" என்றேன். இரண்டு நாளில் இரண்டாவது பொய்.

ஊருக்கு வந்து இதை எழுதலாமா என்று செல்வியிடம் கேட்டேன். "அந்த ஆபீசர் தமிழ்ப் புஸ்தகம் படிப்பாரா?" என்றாள். தக்கலைக்காரர், படிக்கலாம். அதனால்தான் பெயர், நம்பர், தேதி, மணி எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். ஒன்றைத் தவிர.

சந்திப்பு ஸ்டாப்பிலிருந்து கேட்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு அடி. அந்த அம்மாள் மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இதை நான் கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை.